வருகைப் பதிவேட்டின் மறுபக்கம்
தம் படிப்பின் மீதும் தம் மீதும் பள்ளியில் உள்ளவர்களுக்கு அக்கறை உண்டு என்று ஒரு மாணவர் நம்பும் நிலையைப் பள்ளிப் பிணைப்பு எனலாம். அது தளரும் இடத்தில்தான் இடைநிற்றல், அதாவது படிப்பைப் பாதியில் கைவிடுதல், வேர்விடுகிறது.

வடசென்னையில் டோல்கேட்டைச் சூழ்ந்த தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் கடலையும் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிய பெற்றோர் பலர் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், பிள்ளைகளின் காலைப் பசியும் இப்பிணைப்போடு தொடர்புடையதாகிறது. பசியைப் பள்ளியே தீர்க்கும் மரபு சென்னைக்குப் புதிதன்று; பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி 1920-ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவெடுத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், சென்னையில் முதலில் வடசென்னைப் பள்ளிகளைத் தேடி வந்தது மிகப் பொருத்தமானது.

ஆயினும் அவ்வுணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் 14 வயதோடு நின்றுவிட, தினக்கூலி ஒரு சிறுவனை இழுக்கத் தொடங்கும் வயதும் அதுவே. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டமும், 2024 முதல் மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன என்றாலும், உயர்கல்வியில் சேர்ந்தவர்க்கே அவை பயன்படும். எனவே, அந்த வயதில் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவர் தொடர்ந்து வராதபோது, ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரும் தாமதமின்றி அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும்.