வலிக்கவில்லை என்று சொல்லாதே, தம்பி!



குத்து, உதை, மல்யுத்தம், மூட்டுப் பூட்டு, கழுத்துப் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் இடம் தரும் கலப்புத் தற்காப்புக் கலையை இளைஞர்கள் எம்.எம்.ஏ. என்று அழைக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைவீட்டு மாடிகளில் இதற்கான பயிற்சிக் கூடங்கள் வந்துவிட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். போகலாமா கூடாதா என்பது இன்றைய பேச்சல்ல. அங்கே போகும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் சொல் எது என்பதுதான் பேச்சு. பெரும்பாலும் அது "வலிக்கவில்லை" என்ற சொல்.

கோலாலம்பூரைச் சேர்ந்த அகிலன் தானியைப் பலர் அறிவீர்கள். சிறு வயதில் பருமனான உடலால் கேலிக்கு ஆளானவர். உடலைக் குறைக்கப் பயிற்சியைத் தொடங்கியவர், ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசியப் போட்டி அமைப்பில் தோல்வியே காணாமல் வென்று கொண்டு போனார். 2017 மே 26-ஆம் நாள் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான மோதல். எதிரில் நின்றவர் பென் அஸ்க்ரென், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். முதல் சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் ஆட்டம் முடிந்துவிட்டது. நம் ஊர்க் காப்பிக் கடைகளில் அன்று எத்தனை பேர் நாக்கைச் சப்புக் கொட்டியிருப்பார்கள்!

ஆனால், அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2019 ஜூன் 15-ஆம் நாள் ஷாங்ஹாய் நகரில் அதே அகிலன், ஜப்பானில் பெரும் புகழ் பெற்ற யோஷிஹிரோ அகியாமாவை மூன்று சுற்றும் சந்தித்தார். நடுவர்கள் ஒருமனதாக அகிலனுக்கு வெற்றி என்று தீர்ப்பளித்தார்கள். சிங்கப்பூரில் போனது பட்டம். தோளும் முழங்கையும் முழங்காலும் அவரோடு வீட்டுக்கு வந்தன. இரண்டு ஆண்டு கழித்து அவைதாம் ஷாங்ஹாயில் வேலை செய்தன.

அவரை வென்ற அஸ்க்ரென் கதை வேறு மாதிரி போனது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தோடு பல காலம் இழுத்தடித்தவர், 2019 நவம்பரில் மூட்டு மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது என்று சொல்லிக் கூண்டை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 35. செயற்கை இடுப்பு மூட்டு என்றால் நமக்கு யார் நினைவுக்கு வருவார்கள்? பாட்டிமார்கள்தாம்.

இந்த விளையாட்டில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பூட்டில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் போதும், ஆட்டம் நின்றுவிடும். கை இரண்டும் சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். குத்துச்சண்டையில் இவ்வளவு சுலபமான வழி இல்லை. இவ்வளவு நல்ல கதவைத் திறந்து வைத்திருந்தும், அதன் வழியே போவதை அவமானம் என்று நினைக்கும் பழக்கம் பழையது.

1951 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், பிரேசிலின் ஹேலியோ கிரேசியும் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவும் மோதினார்கள். கிமுரா எதிராளியின் கையை முதுகுப் பக்கமாகத் திருகிப் பூட்டினார். ஹேலியோ தட்டவில்லை. கடைசியில் அவர் பக்கத்தினர்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்தப் பூட்டுக்கே கிமுரா என்று பெயர். கிள்ளானில் உள்ள பயிற்சிக் கூடத்தில் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்வார்கள்.

60 ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 10-ஆம் நாள் டொராண்டோவில், அதே பூட்டில் மற்றொரு பிரேசில்காரர் மாட்டினார். அந்தோனியோ ரொட்ரிகோ நொகெய்ரா. சிறு வயதில் லாரி ஏறி நினைவிழந்து, நீண்ட காலம் மருத்துவமனையில் கிடந்து மீண்ட மனிதர். வலி தாங்குவதில் அவருக்கு நிகர் அவரே என்று பெயரெடுத்தவர். எதிராளி பிராங்க் மிர் கையைத் திருகத் திருக அவர் தட்டவில்லை. மேல்கை எலும்பு முறிந்தது. பிறகுதான் தட்டினார். அறுவைச் சிகிச்சையில் தகடு வைத்துத் திருகாணி போட்டு ஒட்டினார்கள். அதே நொகெய்ரா 2013 ஜூன் மாதம் சொந்த நாட்டில், வேர்டும் என்பவரிடம் கைப்பூட்டில் மாட்டியபோது தோல்வியை ஒப்புக்கொண்டார். அவரை யாராவது கோழை என்று சொன்னார்களா? இல்லை. இன்றும் இந்த விளையாட்டின் மாமனிதர்களில் அவரும் ஒருவர்.

இதே பிராங்க் மிர் அதற்கு முன்பே இன்னொருவர் கையை முறித்திருக்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். 2004 ஜூன் 19-ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில், டிம் சில்வியா என்ற மலை போன்ற ஆள் மிர்ரிடம் கைப்பூட்டில் சிக்கினார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து வந்து நிறுத்தினார். சில்வியா எழுந்து, எனக்கு ஒன்றுமில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று சண்டைக்கே போனார். அரங்கம் நடுவரைத் திட்டிக் கூச்சலிட்டது. பிறகு பெரிய திரையில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முழங்கைக்குக் கீழே கை வளைந்து முறிவதை எல்லோரும் பார்த்தார்கள். கூச்சல் அடங்கியது.

சில்வியா பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு உண்மையிலேயே பெரிதாக வலித்திருக்காது. நடுவர் நிறுத்தியதால் பிழைத்த அந்தக் கையோடு அவர் 2006-ல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார்.

கை முறிந்தும் வலிக்காமல் இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்த சிப்பாய்களைக் கவனித்தார். அவர்களில் பெரும்பாலோர் வலி மருந்தே கேட்கவில்லை. இதை அவர் 1946-ல் எழுதி வைத்தார். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத்தண்டில், ஒரு வாசற்கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தும்படி மூளையே உத்தரவு போடும். போதாததற்கு, அபின் போல் வேலை செய்யும் பொருள்களை உடம்பே சுரக்கும். புலி துரத்தும்போது கால் சுளுக்கைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை அல்லவா?

2013 ஏப்ரல் 27-ஆம் நாள் ஜான் ஜோன்ஸ் தன் எதிராளியை முதல் சுற்றிலேயே வென்றுவிட்டு, ஒலிவாங்கி முன் நின்று பேட்டி கொடுத்துக் கொண்டிருந்தார். அப்போதுதான் தன் கால் பெருவிரல் முறிந்து திரும்பியிருப்பதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் வலி வந்தது.

வலி தெரியத் தொடங்கும் எல்லை ஒன்று, தெரிந்த வலியைத் தாங்கி நிற்கும் எல்லை வேறு. விளையாட்டு வீரர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. வீரர்கள் அதிகம் தாங்குகிறார்கள் என்பது அதில் தெளிவாக இருந்தது. வலி தொடங்கும் எல்லையில் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆக, பயிற்சி பெற்றவனுக்கும் வலிக்கிறது. அவன் அதோடு இருக்கப் பழகியிருக்கிறான். பழகியது நல்லதுதான். ஆனால் எந்த வலியோடு?

இங்கே யாராவது தைப்பூசத்தை நினைத்துக் கொள்ளக்கூடும். பத்துமலையில் கன்னத்திலும் முதுகிலும் அலகு குத்தி 272 படி ஏறுகிற சமூகத்துக்கா வலியைப் பற்றிப் பாடம் என்று. நியாயமான கேள்வி. ஆனால் பக்தர் பல நாள் விரதமிருந்து வருகிறார். அலகு குத்துபவர் பழகிய கை, குத்துகிற இடமும் தெரிந்த இடம். பக்கத்தில் உறவினர்கள் தண்ணீரோடும் முக்காலியோடும் நடக்கிறார்கள். கால் தடுமாறினால் தாங்கிக்கொள்ள நாலு கை இருக்கிறது. முழங்கால் ஜவ்வு கிழிந்ததை மறைத்துக்கொண்டு மறுநாள் பயிற்சிக்குப் போகிற பையனுக்கு இதில் எது இருக்கிறது?

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்துக் காலத்தில் காய்ச்சலோடும் பால் மரம் சீவப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள், போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தப் பொறுமை வறுமை தந்தது. அதையே வீரம் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். வேலைக்கு எம்.சி. எடுக்கத் தயங்காத இளைஞன்கூடப் பயிற்சிக் கூடத்துக்கு எம்.சி. எடுக்கக் கூசுகிறான்!

நேயர்கள் குறிப்பாக மனத்தில் வைக்க வேண்டியது தலை அடி. மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. எனவே இந்த விளையாட்டில் மிக ஆபத்தான காயத்தைப் பொறுத்தவரை, வலி தாங்கும் சக்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வெளிச்சத்தைக் கண்டால் கூசுவது இவையெல்லாம் அடையாளங்கள். முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். தலையில் அடிபட்டு வீழ்ந்தவருக்கு முறையான போட்டி அமைப்புகள் 30 நாள், 60 நாள் என்று கட்டாய ஓய்வு கொடுப்பது இதனால்தான். பயிற்சிக் கூடத்தில் அடிபட்டால் அந்த ஓய்வைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

முழங்கால் ஜவ்வும் ஏமாற்றும். டப் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் வலி, பிறகு நடக்கலாம் போல் இருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் பையன் சரியாகிவிட்டது என்று திரும்பிப் போவான். வலி போயிருக்கும், கிழிசல் அப்படியே இருக்கும். அதற்கு நேர்மாறாக, புதிய பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை, தோள் எல்லாம் பிடித்துக்கொள்வது பெரிய சேதம் இல்லாத, தானே ஆறிவிடும் வலி. அதற்குப் பயந்து யாரும் வீட்டில் படுக்க வேண்டியதில்லை.

கணுக்கால் விஷயத்தில் கனடா மருத்துவர்கள் ஒரு சுலபமான சோதனை வகுத்திருக்கிறார்கள். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தினால் துடிக்கிறதா, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பொன்ஸ்டான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போவது இந்தச் சோதனையையே பொய்யாக்கிவிடும். ஆஸ்பிரின் என்றால் இரத்தம் உறைவதும் தாமதமாகும், அது தலையில் குத்து வாங்கப் போகிறவருக்கு நல்லதல்ல.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்கு விளையாட்டுப் பிள்ளைகள் போவதுண்டு. பிடித்துக்கொண்ட தசைக்கு அவர்களுடைய விரல்கள் நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் நேற்று அடிபட்டு இன்று வீங்கியிருக்கும் மூட்டை யாரும் உருவக் கூடாது, சூடும் வைக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் ஐஸ், ஓய்வு, பிறகு மருத்துவர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பையனே எல்லாவற்றையும் கவனிப்பான் என்று விட முடியாது என்பதற்குக் கோலாலம்பூருக்கும் தொடர்புள்ள ஒரு பழைய கதை உண்டு. 1975 ஜூலை 1-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்றும் மோதி வென்றார். மூத்தவர்கள் பலர் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மோதினார்கள். 14 சுற்று முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. இன்னும் ஒரே ஒரு சுற்று, அவரோ போக வேண்டும் என்று துடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்கார வைத்துவிட்டார். ஆட்டம் போனது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் இரத்தம் வழிய நின்றவரைப் புகழ்வதில் காட்டும் வேகத்தில் பாதியையாவது இப்படிப்பட்ட பயிற்சியாளருக்குக் காட்டலாம்.

ஆகவே, பெற்றோர்களே, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பயிற்சியாளரிடம் வேறு சில கேள்விகள் கேளுங்கள். பயிற்சியின்போது தலையில் அடிபட்டவனை எத்தனை நாள் வெளியே உட்கார வைப்பீர்கள்? பூட்டில் தட்டியவனை மற்ற பையன்கள் கேலி செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போட்டி நாளில் துண்டு யார் கையில் இருக்கும்? பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த மாடியில் வேறு கூடம் இருக்கும்.

வீட்டில் பையனிடம் வலிக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை, பதில் தெரிந்ததுதான். பயிற்சிக்கு மறுநாள் காலை அவன் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே காலை முன்னால் வைத்து இறங்குகிறானா, சட்டை போடும்போது ஒரு கையை மட்டும் முதலில் நுழைக்கிறானா என்று அடுப்படியில் நின்றபடியே பாருங்கள்.