பேய்க்கதையும் பிறர் கண்ணும்

1816ஆம் ஆண்டிலே ஐரோப்பாவுக்குக் கோடை வந்தது, வெயில் வரவில்லை. முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்து, வானமெங்கும் பரப்பிய தூசி கதிரவன் ஒளியை மங்கச் செய்திருந்தது. மழையும் குளிருமாய்க் கழிந்த அந்த ஜூன் மாதத்திலே, சுவிற்சர்லாந்தின் ஜெனீவா வாவிக் கரையில், தியோதாத்தி என்னும் மாளிகையினுள்ளே ஐவர் கூடியிருந்தனர். மாளிகையை வாடகைக்கு எடுத்தவர் ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. உடனிருந்தவர் அவருடைய இளம் வைத்தியர் பொலிடோரி. அயலிலே தங்கியிருந்து வந்தவர்கள் கவிஞர் ஷெலி, அவருடைய துணைவியான 18 வயது மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் ஆகியோர். ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றைப் படித்துப் பொழுது போக்கிய அவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன்.

நேயர்களே, பேய்க்கதை எழுதுவோருக்கு மற்றையோருக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. துயரக் கதை எழுதுபவர் எழுதும்போதே கண் கலங்கலாம். நகைச்சுவை எழுதுபவர் தாமே சிரிக்கலாம். ஆனால், மூடிய கதவின் பின்னால் நிற்பது யாது என்பதைத் திகிற்கதை எழுதுபவர் முன்னமே அறிவார். அறிந்ததற்கு அஞ்சுவது அரிது. தொல்காப்பியர் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். உள்ளத்து உணர்வு மெய்யிலே புலப்படுவது மெய்ப்பாடு. பேய்க்கதையின் வெற்றியையும் கேட்போர் மெய்யிலேதான் காணவேண்டும். ஆதலால், இவ்வகைக் கதைக்குப் பிறர் கண் இன்றியமையாதது. அந்தக் கண் எதுவரை செல்லலாம், எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு விடை தரும் சான்று மேரியின் கதையிலேயே கிடைக்கின்றது. அது 'பிராங்கன்ஸ்ரைன்' என்னும் நாவலாக வளர்ந்து உலகப் புகழ் பெற்றது. அதன் கைப்பிரதி ஒக்ஸ்போட் நகரத்துப் போட்லியன் நூலகத்திலே பேணப்பட்டு வருகின்றது. மேரியின் எழுத்துக்கு இடையிலும் ஓரத்திலும் ஷெலியின் எழுத்து ஓடுகின்றது. ஏறக்குறைய 72,000 சொற்கள் கொண்ட அந்நூலிலே, ஷெலி சேர்த்தவை நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரை என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

ஷெலி செய்த முதல் உதவி ஊக்கம். சில பக்கங்களிலே முடிக்க எண்ணியிருந்த மேரியை, இதனை விரித்து எழுதுக என்று தூண்டியவர் அவரே. சிறு பிழைகளையும் அவர் கடிந்து திருத்தவில்லை. மேரி பிழையாக எழுதிய ஒரு சொல்லைச் சரிப்படுத்தி, அருகிலே அவரைச் செல்லப் பெயரால் அழைத்து எழுதியிருக்கின்றார். திருத்தமும் அன்பும் ஒரே வரியில் நிற்கின்றன.

இனி, ஓரக் குறிப்பொன்றைப் பார்ப்போம். கதாநாயகன் விக்ரர், தான் படைத்த பூதத்துக்குத் துணையாக ஒரு பெண்ணுருவை ஆக்குவதாக வாக்களித்து, அதற்கு வேண்டிய அறிவைத் தேடி இங்கிலாந்து செல்லவேண்டியவன். முதற்பிரதியிலே அப்பயணம் அவன் எண்ணமாக அமையவில்லை. இதனை விக்ரரே கேட்பதாக அமைத்தல் வேண்டும், தந்தையை அவன் பேச்சினாலே அதற்கு இணங்கச் செய்யவேண்டும் என்று ஷெலி குறித்தார். நுட்பமான குறிப்பு அது. பிறர் அனுப்பச் செல்பவனுக்காக வாசகர் இரங்குவார். தன் அழிவைத் தானே தேடிச் செல்பவனைக் கண்டு அஞ்சுவார். குறையையும் அது நீங்கும் வழியையும் சொன்ன ஷெலி, அப்பகுதியை எழுதும் வேலையை மேரியிடமே விட்டார். மேரியும் இணங்கி மாற்றி எழுதினார்.

எல்லா இடத்திலும் ஷெலி இவ்வாறு நின்றுவிடவில்லை. மேரியின் எளிய சொற்கள் பலவற்றை நீக்கி, இலத்தீன் வழிவந்த கனத்த சொற்களை இட்டார். நூலின் இறுதியிலும் கை வைத்தார். பனிக்கடலிலே பூதம் அலைகளால் அடித்துச் செல்லப்படுகின்றது. அதனை இருளிலே தன் கண் இழந்துவிட்டதாகக் கதை சொல்பவன் கூறும்படி மேரி எழுதியிருந்தார். ஷெலி, பார்ப்பவனை அகற்றி, பூதம் இருளிலும் தொலைவிலும் மறைந்தது என்று முடித்தார். ஓசை சிறந்தது, பொருளும் மாறிற்று. கண்ணுக்குத் தப்பியது எங்கேனும் உயிரோடு இருக்கலாம் என்னும் ஐயம் மேரியின் முடிவிலே எஞ்சி நின்றது. பேய்க்கதைக்கு அந்த ஐயம் பெருஞ்செல்வம்.

மேரியோ, கைக்குழந்தையோடு களைத்திருந்த 1817ஆம் ஆண்டிலே, அச்சுப்படிகளை விரும்பியவாறு திருத்தலாம் என்று கடித மூலம் ஷெலிக்கு முழு உரிமை அளித்தார். அதன்பின், 1818 ஜனவரி முதலாந் திகதி, ஆசிரியர் பெயரின்றி, ஷெலி எழுதிய முகவுரையுடன் 500 பிரதிகள் வெளியாயின. நூலை மதிப்பிட்ட வொல்ற்றர் ஸ்கொட் அது ஷெலியின் படைப்பென்றே கருதினார். மேரியின் பெயர் தாங்கிய பதிப்பு 1823இலேதான் வந்தது. ஷெலி அதற்கு முந்திய ஆண்டிலே இறந்துபோயிருந்தார். 1831இல் மேரி நூலைத் தாமே திருத்தி, முன்னுரையும் எழுதினார். கதையின் நிகழ்ச்சி ஒன்றேனும் கணவர் தந்ததன்று. எனினும் அவர் தூண்டுதல் இன்றேல் நூல் இவ்வுருவம் பெற்றிராது என்பது அதன் சாரம். உதவியை மறைக்காமலும் உரிமையை இழக்காமலும் சொன்ன சொல் அது.

அதே மாளிகையிலே பிறந்த மற்றொரு கதையின் விதி வேறு. பைரன் சில பக்கங்கள் எழுதிக் கைவிட்ட கதையின் கருவைப் பொலிடோரி எடுத்து, 'வம்பயர்' என்னும் இரத்தம் உறிஞ்சும் பேயின் கதையாக ஆக்கினார். 1819 ஏப்ரலிலே அது இலண்டன் சஞ்சிகையொன்றில் பைரன் பெயரால் வெளிவந்தது. பைரன் அது தமதன்று என மறுத்தார். எழுதிய பொலிடோரிக்கு உரிய புகழ் கிட்டவில்லை. 1821இல், 25 வயதிலே, அவர் மறைந்தார். ஒருவர் கருவும் மற்றவர் எழுத்தும் கலந்த கதையிலே, எது எவருடையது என்பதை முன்கூட்டியே பேசித் தெளியாமையால் விளைந்த கேடு இது.

இன்றும் நண்பர்கள் கூடித் திகிற்கதை புனைகின்றார்கள்; ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்கின்றார்கள். கருத்துச் சொல்பவர், கதை நன்று, தீது என்று தீர்ப்பளிப்பதிற் பயன் சிறிது. எந்த வரியிலே நெஞ்சு திடுக்கிட்டது, எந்த வரியிலே அச்சம் தளர்ந்தது, பேயின் வரவை எவ்விடத்திலே முன்கூட்டி ஊகிக்க முடிந்தது என்று சுட்டிக் காட்டுதல் வேண்டும். தம் நடையைப் பிறர் கதைக்குப் போர்த்துதல் ஆகாது. கேட்பவரோ, குறை உணரப்பட்ட இடத்தையும் அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரத்தையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். அஞ்சவில்லை என்று ஒருவர் சொன்னால் அதனை மறுத்து வாதிடுவதிற் பயனில்லை, அவர் அஞ்சவில்லை. ஆனால் அவர் கூறும் மருந்தை ஏற்பதும் தள்ளுவதும் எழுதுபவரின் உரிமை.

விளக்குப் பிடிப்பவர் வழி காட்டலாம். இருளினுள்ளே நடந்து செல்லவேண்டியவர் கதையை எழுதுபவரே.