கொடுக்கும் கைக்கும் இசைவு வேண்டுமாம்!

(ஆலங்குடியில் ஆற்றிய உரை)



2018 நவம்பர் 16-ஆம் நாள் கசா புயல் நம் பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பிற மாவட்டங்களிலிருந்து அரிசியும் போர்வையும் ஏற்றிவந்தவர்களை நோக்கி, ‘எந்த அரசிடம் இசைவு பெற்றீர்?’ என்று எவரும் வினவவில்லை. பசித்தவன் இருந்தான், கொடுப்பவன் வந்தான்.

கடலுக்கு அப்பால் நம் உறவுகள் பசித்தபோது நிகழ்ந்ததோ வேறு. 1987-இல் இலங்கைப் படை யாழ்ப்பாணத்தை நெருக்கி, உணவையும் எரிபொருளையும் தடுத்தது. சூன் 3-ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏந்திச் சென்ற 19 படகுகளை அந்நாட்டுக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாள் ஐந்து இந்திய வானூர்திகள், போர் வானூர்திகள் காவல்வர, ஏறத்தாழ 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின்மேல் இட்டன. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர். பெயர் மட்டும் நற்றமிழ்! ஒரு தீவக்குறைக்கு 25 டன் எத்தனை வேளைக்குக் காணும்? பசிக்கு இட்ட சோறு என்பதினும், கொழும்புக்கு விடுத்த எச்சரிக்கை என்பதே பொருந்தும். சூலை 29-இல் உடன்படிக்கை. அட்டோபரில் அதே மண்ணில் இந்தியப் படையின் குண்டுகள். அந்தப் பொதியை நான் பழிக்கவில்லை. அதைப் பிரித்து உண்ட குழந்தைக்கு அதுவும் அமிழ்தே.

பசித்தவர் தொகையையே குறைத்துச் சொல்வது இன்னொரு சூழ்ச்சி. 2009-இல் போர் நடந்த வன்னியில் ஏறத்தாழ 70,000 பேரே எஞ்சியுள்ளனர் என்றது இலங்கை அரசு. போர் முடிந்தபின் முள்வேலிக்குள் அடைபட்டவரே 2,80,000-க்கு மேல்! உணவையும் மருந்தையும் குறுக்கவே தொகையைக் குறைத்தனர் என்று ஒன்றிய நாடுகள் அவை அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் எழுதிவைத்துள்ளது.

2022-இல் பொருள்முடையால் இலங்கை முழுதும் வாடியபோது, தமிழ்நாட்டரசு 40,000 டன் அரிசியும், 500 டன் பால்மாவும், மருந்தும் தர முன்வந்தது. நம் வரிப்பணம், நம் கொடை. ஆயினும் தில்லியின் இசைவு வேண்டி ஏப்பிரல் 29-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று. முதலில் தமிழர்க்கென்றே கேட்டோம். ஈழத்தமிழரோ, ‘எங்களைப் பிரித்துத் தாராதீர், எல்லார்க்கும் தருக’ என்றனர். தம் தலையெண்ணிக்கையையே களவு கொடுத்தவர்களின் சொல் அது, தோழர்களே!

9,000 டன் அரிசியுடன் முதற்கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டது மே 18-ஆம் நாள். அதே நாளில் முள்ளிவாய்க்காலில் நம் மக்கள், போரின் இறுதி நாள்களில் தம் உயிர் காத்த கஞ்சியை, அரிசியும் உப்பும் நீருமன்றி வேறொன்றும் சேராத அந்தக் கஞ்சியைக் காய்ச்சி, ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொண்டிருந்தனர்.