கீமோ போர்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு
(பேரையூரில் ஆதரவாளர் கூட்டத்தில் பேசியது)



"கீமோவுக்கு முன் போர்ட் வைக்கவேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்பது, "இன்னொரு ஆபரேஷனா?" என்றுதான். ஆபரேஷன்தான், ஆனால் சிறியது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

போர்ட் என்பது நாணய அகலத்தில் ஒரு சிறு டப்பி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும். எதற்கு இது? கீமோ மருந்துகளில் சில மிகக் காரமானவை. கையில் ஏற்றும்போது வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். நாலைந்து முறை ஏற்றிய பிறகு "நரம்பு கிடைக்கவில்லை" என்று குத்திக் குத்தித் தேடவும் வேண்டியிருக்கும். (நம் ஊரில் நரம்பு என்பது ரத்தக்குழாயைத்தானே!) எல்லாருக்கும் போர்ட் தேவைப்படாது, அதை டாக்டர் முடிவு செய்வார்.

சில நாள் வலியும் வீக்கமும் இருக்கும். தையல் ஆறும்வரை நனைக்கக்கூடாது. ஆறிய பிறகு தாராளமாகக் குளிக்கலாம். மருந்து ஏற்ற அதற்கென்றே உள்ள ஹியூபர் ஊசியைத்தான் போடவேண்டும். ஆகவே யாராவது சாதாரண ஊசியோடு வந்தால், "போர்ட் இருக்கிறது" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் உண்டு. முடி கொட்டுவது இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், பிறகு வளரும்.

நாங்கள் பயப்படுவது காய்ச்சலுக்குத்தான். மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி வந்தாலே ஆபத்து. போர்ட் வழியாகவும் கிருமி நுழையலாம். நம் கிராமங்களில் "மருந்துச் சூடு" என்று இளநீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று காத்திருந்தால் உயிருக்கே மோசமாகலாம். டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரை போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். "கீமோ நடக்கிறது, போர்ட் இருக்கிறது" என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் காணிக்கையில் நாங்கள் முதலில் கேட்பது பெரிய இயந்திரம் அல்ல. கீமோ எடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தெர்மாமீட்டர். அடுத்தபடியாக, இரவில் கார் வாடகைக்கு உங்கள் சபையில் ஒரு சிறு தொகை. கார் வைத்திருப்பவர்கள் தங்கள் போன் நம்பரை அந்த வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் போதும்.

சிகிச்சை முடிந்தபின்னும் போர்ட் உள்ளே இருக்கும்வரை, டாக்டர் சொன்ன இடைவெளியில் மருந்துநீர் செலுத்திக் கழுவவேண்டும். அதற்கும் மதுரைக்குப் பஸ் கட்டணம் வேண்டும். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.