வெண்பல்லும் வீட்டு வைத்தியமும்

முத்துப் போன்ற பல்வரிசையை விரும்பாதவர் யார்? அதற்குக் காசு செலவில்லாத வழிகள் என்று உமிக்கரி, செங்கற்பொடி, உப்பு, எலுமிச்சைச் சாறு எனப் பலவற்றைச் சொல்லுவர். இவற்றின் நன்மை தீமைகளை ஆராயுமுன், நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், காஞ்சிபுரத்தில் என் வகுப்பில் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் தந்தை தருமபுரிப் பக்கத்திலிருந்து தறி வேலை தேடிக் குடிவந்தவர். பையனின் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. "பல் துலக்கும் வழக்கமே இல்லையா?" என்று வகுப்பறியக் கேட்டேன். உப்பும் கரியும் கொண்டு அழுத்தித் தேய்க்கப் பணித்தேன். ஒரு மாதத்தில் ஈறு புண்ணாயிற்று, கறை போகவில்லை. அதன்பின் அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தான்.

உண்மையைப் பின்னரே அறிந்தேன். தருமபுரி வட்டாரத்தில் பாறைகளிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுதியாக உள்ள நீரைப் பிள்ளைப் பருவத்தில் தொடர்ந்து பருகினால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே குறை அமைந்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே இத்தகைய கறையைக் கண்டு வியந்தார். ஃபுளோரைடே காரணம் என்பது 1931-இல்தான் தெளிவாயிற்று. ஆக, குற்றம் சிறுவனிடம் இல்லை. கிணற்று நீரில் இருந்தது. உள்ளே அமைந்த கறையை வெளியே தேய்த்துப் போக்குவது எங்ஙனம்?

பல்லின் மேலுறை எனாமல் எனப்படும். செங்கற்பொடியிலுள்ள மணல்துகள் அதனைவிடக் கடினமானது; தேய்க்கத் தேய்க்க அதனை அராவிவிடும். எலுமிச்சையின் அமிலமோ அதன் தாதுப்பொருளைக் கரைக்கும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் நிறப் பகுதி வெளித்தெரியும், பல்லும் கூசும். வெண்மையை நாடித் தேய்த்தவனுக்கு மஞ்சளே மிஞ்சும். எங்களூரில் பட்டு நூலின் பசை நீங்கச் சோடாவும் சோப்பும் கலந்த நீரில் வேகவைப்பர். சோடா மிஞ்சினால் நூலின் வலுவே போய்விடும். கெட்ட நூலுக்கு மாற்று நூல் உண்டு. தேய்ந்த எனாமலோ மீண்டும் வளராது.

அப்படியாயின் வீட்டில் செய்யத்தக்கது யாது? வேப்பங்குச்சியின் நுனியை நாராக மென்று மெல்லத் துலக்கலாம். உண்டபின் வாய் கொப்பளிக்கலாம். புளிப்பு உண்டால் அரை மணி நேரம் பொறுத்தே துலக்க வேண்டும். தேநீராலும் வெற்றிலைபாக்காலும் படியும் மேற்கறையைப் பல் மருத்துவர் பக்குவமாக நீக்குவார். உட்கறைக்கும் அவரிடமே வழி கேட்க வேண்டும். இயற்கையிலேயே சற்று மஞ்சளான பல் நோயுற்ற பல்லன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் செல்கிறது. நோயின் வேரை அறிந்து செய்த வைத்தியம் அது. நான் செய்ததோ, காரணம் கேளாமல் கரியை எடுத்துக் கொடுத்தது. பிறர் பல்லைக் கண்டு நகைக்கத் தோன்றும்போது, வாயை மூடிச் சிரித்த அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள்.