துருவும் எண்ணெயும்



யட்டவத்தயில் மழைக்காலத்தில் மண்வெட்டியைக் கழுவி, வாகனத்திலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெயைப் பூசிவைப்போர் உளர். நல்ல சிக்கனம் என்றே நானும் எண்ணியிருந்தேன். கலைப் பட்டதாரிக்கு இரசாயனம் சற்றுத் தொலைவு!

வெறும் எண்ணெய் இரும்பை முற்றாகக் காப்பதில்லை. நீர் அதனை ஒதுக்கிக்கொண்டு உட்புகும். ஆதலால் துருத்தடுப்புப் பொருள்களைச் சிறிதளவு கலக்கின்றனர். அவற்றின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டெனலாம். தலை இரும்பைப் பற்றும். வால் எண்ணெயை நாடும். நெருங்கி நிற்கும் அவ்வால்களைக் கடந்து நீர் செல்லுதல் அரிது. எரிபொருள் எரிகையிற் பிறக்கும் அமிலத்தை முறிக்கக் கல்சியம் சேர்ந்த காரப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. 1940களில் வழக்குக்கு வந்த துத்தநாகச் சேர்வையொன்று, உலோக அரிப்பைத் தடுப்பதோடு தேய்வையும் குறைப்பது பின்னரே புலனாயிற்று.

என்ஜினில் ஓடியோடி இவை குன்றிவிடுகின்றன. எஞ்சுவன அமிலமும் கரியும் உலோகத் துகளுமே. அந்த எண்ணெய் மண்வெட்டியை அரைகுறையாகக் காக்கும்; ஆனால் நெடுநாள் தோலிற் பட்டால் புற்றுநோய்க்கு ஏதுவாகும். கிணற்றருகே சிந்தினாலோ குடிநீரே கெடும்.

எங்கள் பாடசாலைத் தோட்டக் கருவிகளை இப்பொழுது வெயிலில் நன்கு உலர்த்திய பின், தையல் இயந்திரத்துக்கு இடும் புது எண்ணெயைத் துணியில் தோய்த்துத் துடைத்து வைக்கிறோம். சிறு போத்தலொன்று ஒரு தவணை முழுதும் போதுகின்றது.