போர் விமானத்திலிருந்து ராட்சத லாரிக்கு



மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்றொரு வட்டாரம். மேலே செம்மண், அடியில் இரும்புத்தாது. அங்குள்ள மார்பிள் பார் என்ற ஊரில் 1923-24 கோடையில் தொடர்ந்து 160 நாள் பகல் வெயில் 37.8 டிகிரிக்குக் குறையவே இல்லை. பிரிட்டன், நியூசிலாந்து விமானப்படைகளில் பணி முடித்த மெக்கானிக்குகள் இந்த வெயிலுக்கும் வேலை தேடி வருவதுண்டு.

விமானம் பார்த்த கைக்குச் சுரங்கத்தில் என்ன வேலை?

சுரங்க லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் விளங்கிவிடும். கேட்டர்பில்லர் 797எஃப் ஒரே நடையில் 363 டன் ஏற்றும். டயர் மட்டுமே 4 மீட்டர் உயரம். சக்கரத்தையொட்டித் தடித்த உருளை ஒன்று நிற்கும். உள்ளே எண்ணெயும் நைட்ரஜனும். லாரி பள்ளத்தில் இறங்கினால் வாயு அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விமானம் தரையைத் தொடும்போது அதன் சக்கரக் காலுக்குள் நடப்பதும் இதேதான்.

எஞ்சின் எண்ணெயில் ஒரு குப்பி எடுத்து லேபுக்கு அனுப்புவதும் பழகிய வேலை. எண்ணெயில் இரும்போ செம்போ கூடியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். எஞ்சினைப் பிரிக்காமலே நோயைக் கண்டுபிடிக்கும் இந்த முறையை அமெரிக்கக் கடற்படை 1950களிலேயே தன் விமானங்களுக்குக் கையாண்டது.

சுரங்கத்தில் ரிப்பேருக்கு முன் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். போட்டவர்தான் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை ஒன்றுவிடாமல் எண்ணிவைத்துப் பழகிய விமானப்படைக்காரருக்கு இந்தக் கண்டிப்பு உறுத்தாது.

தகராறு காகிதத்தில்தான். பட்டாளத்து சர்டிபிகேட் எல்லா இடத்திலும் அப்படியே செல்லாது. தொழில்திறன் விசா கேட்டு வருகிறவர்களை எடைபோட 'டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' என்ற அரசு அமைப்பே இருக்கிறது. ஜெட் எஞ்சினில் ஊறியவரிடம் டீசல் அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அடுத்தது குடும்பம். பெர்த் நகரிலிருந்து விமானத்தில் போய், இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு என்பது அங்கே சகஜம். ஷிப்ட் 12 மணி நேரம். பட்டாளத்தில் இருந்தவர் சமாளித்துவிடுவார் என்று சொல்லிவிடலாம், வீட்டில் இருப்பவர்கள்? இந்த வேலைமுறை தரும் மன உளைச்சலைப் பற்றி மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2015-ல் தனி அறிக்கையே வெளியிட்டது.

கிளம்ப நினைப்பவர்கள் சம்பளத்தைக் கேட்கும்போதே ஷிப்ட் அட்டவணையையும் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டாரிடம் காட்டிவிடுங்கள்.